அரண்மனைக்காரி

ஜன்னலோரம் நீயே உக்காரு பாப்பா. காத்து அடிச்சா எனக்குக் காது வலிக்கும். புது வருஷத்துக்கு ஊருக்குப் போறீங்களான்னு கேட்ட இல்ல? என் தம்பி வீடு முத்தியால்பேட்டைல இருக்கு, அங்கதான் போறேன். ஆனா பண்டிகைக்காக வரல. இந்தச் சித்திரைக்கு பிரான்சுல இருக்க வேணாம்னு கிளம்பி வந்துட்டேன். அங்க இருந்தா ஆளாளுக்கு வந்து கதவத் தட்டுவாங்க. இப்ப வந்து தட்டட்டும். பூட்டின கதவு தானே.

என் மூஞ்சியப் பாத்தா தமிழ்னு யாரும் நினைக்க மாட்டாங்க. கண்டக்டர் கூட இங்கிலீஷ்லதான் டிக்கெட் கேட்டான், பாத்தியா? எங்கப்பா முத்தியால்பேட்டைக்காரர். அந்தக் காலத்துல நம்ம புதுச்சேரி ஆளுங்கள வெள்ளைக்காரன் சைகோனுக்கும் லாவோசுக்கும் உத்தியோகத்துக்குக் கூட்டிட்டுப் போவான். எங்கப்பாவுக்கு லாவோசுல பாக்ஸேன்னு ஒரு ஊர்ல சுங்க ஆபீஸ்ல வேலை. அங்கயே ஒரு லாவோப் பொண்ணக் கட்டிக்கிட்டாரு. அதுதான் எங்கம்மா. ஏழு வயசுல என்னைப் படிக்க வைக்கணும்னு புதுச்சேரிக்கு அனுப்பினாரு, சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துக்கு. அப்படித்தான் எனக்குத் தமிழ். என் பேரு விக்டோரின். இங்க பிள்ளைங்க என்னைச் சீனாக்காரின்னு கூப்பிடுவாங்க. படிச்சு முடிச்சு பாக்ஸேவுக்குத் திரும்பினா அங்க என்னை இந்தியாக்காரின்னாங்க. சரி, ரெண்டு பக்கமும் பழகிப் போச்சு. பழகிப் போச்சுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன், அவ வர்ற வரைக்கும்.

அவன்னா வியெங்கம். நான் அவளப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. அரண்மனைக்காரின்னுதான் சொல்லுவேன். ஏன்னு சொல்றேன்.

லாவோசுல ஆட்சி மாறினதும் எல்லாரும் கிளம்பினாங்க. எங்ககிட்ட பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்துச்சு, நாங்க விமானத்துல வந்தோம். மத்தவங்க மேகாங் ஆத்த நீந்தி, தாய்லாந்து முகாம்ல கெடந்து, அப்புறம் வந்தாங்க. பாரிசுக்குக் கிழக்கால அடுக்குமாடி கட்டி எங்க எல்லாரையும் அங்கதான் போட்டாங்க. என் வீட்டுக்காரர் பூன்மி லாவோக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். அங்க வந்து ஒரு டயர் கம்பெனில வேலை. அவரு மூங்கில் குழல் வாசிப்பாரு. கேன்னு பேரு அதுக்கு, தண்ணி கேன் இல்ல. நீட்டு நீட்டா மூங்கில் குழாய வரிசையா கட்டி வாயில வச்சு ஊதுறது. மூச்சை விட்டாலும் பேசும், இழுத்தாலும் பேசும். துணிமணி கூட எடுக்காம அத மட்டும் போர்வைல சுத்தி எடுத்துட்டு வந்தாரு அந்த மனுஷன்.

அந்த அடுக்குமாடில மொதல் மொதலா புது வருஷ ஆட்டம் வச்சது யாரு? நான். லாவோசுலயும் நம்ம சித்திரை ஒண்ணுதான் வருஷப் பிறப்பு. அடித்தளத்துல சைக்கிள் நிறுத்துற எடத்தக் கூட்டித் துடைச்சு, அவர் ஊத, நான் பாட, பொம்பளைங்க எல்லாம் வட்டமா ஆடினோம். லாவோசுக்குத் தெக்க, எங்க பாக்ஸே பக்கத்துப் பாட்டு, சாலவான்னு சொல்வாங்க. நாத்து நடும்போது பாடுறது, கல்யாணத்துல பாடுறது, சாவுல கூட பாடுறது. துள்ளலா இருக்கும். குளிர்ல வெடவெடன்னு நடுங்கிட்டு வந்த சனம் அன்னைக்கு வேர்வையோட வீட்டுக்குப் போச்சு. அடுத்த வருஷம் சங்கம் வச்சாங்க. அதுக்கப்புறம் நகராட்சி பெரிய ஹால் குடுத்துச்சு. அத்தன வருஷமும் ஆட்டத்துல முன்வரிசைல நின்னவ நான். பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நான். துணி தச்சவ நான். இதெல்லாம் பெருமைக்குச் சொல்லல, நடந்தது இதுன்னு சொல்றேன்.

அப்பதான் அவ வந்தா. சங்கத்துத் தலைவருக்குப் பொண்டாட்டி செத்துப் போயி ரெண்டாவதா கட்டிக்கிட்டாரு, முகாம்லேருந்து கடைசியா வந்தவ. வெள்ளைத் தோலு, நிமிந்த முதுகு, நடந்தா தரையில கால் படுற சத்தமே கேக்காது. வந்த வாரமே ஊருக்குள்ள சேதி பரவிடுச்சு. வடக்க லுவாங் பிரபாங்ல ராஜா அரண்மனைல ஆடினவளாம். அரண்மனை ஆட்டம்னா மெதுவா இருக்கும் பாப்பா, விரல பின்னால வளைச்சு, கண்ண அசைக்காம. பாக்க நல்லாத்தான் இருக்கும், நான் பொய் சொல்ல மாட்டேன். அவ ஒரு நாள் ஆடிக் காமிச்சா. பொம்பளைங்க எல்லாம் மண்டி போட்டுக் கும்பிட்டாங்க. ராஜாவே எந்திரிச்சு வந்த மாதிரி.

கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சா. மேயர் வர்றாரு, வெள்ளைக்காரங்க பாக்குறாங்க, வயல்காட்டுப் பாட்டு எதுக்குன்னா. மொதல்ல சாலவானக் கடைசிக்குத் தள்ளினா. அப்புறம் எல்லாரும் சாப்பிடும்போது பாடட்டும்னா. அப்புறம் அதுவும் இல்ல. நான் பொறுத்துக்கிட்டேன். கேசட்டு போட்டு ஆடினாங்க, என் வீட்டுக்காரரு குழல மடியில வச்சிட்டுப் பின்னாடி உக்காந்திருப்பாரு. அதையும் பொறுத்துக்கிட்டேன்.

என் பொண்ணு விஷயத்துலதான் என்னால முடியல. மாலிவன்னு பேரு அவளுக்கு, அப்போ பதினேழு வயசு. அங்க புது வருஷத்துக்கு ஊர்வலம் உண்டு. ஒரு பொண்ணுக்குப் பட்டு கட்டி, தங்கக் கிரீடம் வச்சு, தேர் மாதிரி ஒண்ணுல உக்கார வச்சு முன்னால கொண்டு போவாங்க. சங்கான் பொண்ணுன்னு பேரு. நம்ம சங்கராந்திதான் அது, வார்த்தை அங்க போயி அப்படி ஆயிடுச்சு. அந்த வருஷம் மாலிவன்தான்னு எல்லாருக்கும் தெரியும். நடக்க ஆரம்பிச்சதுலேருந்து ஆடுற பிள்ளை. நான் ஜரிகைத் துணி இங்கேருந்து, காஞ்சிபுரத்துலேருந்து வரவழைச்சு வச்சிருந்தேன்.

சங்கத்துக் கூட்டத்துல நான் பேர் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசல. அவதான் மெதுவா எந்திரிச்சா. குரல ஒசத்தவே இல்ல. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னா: "விக்டோரின் நமக்கு எவ்வளவோ செஞ்சிருக்கா. ஆனா அவ கேக். வீட்டுக்கு வந்த விருந்தாளிய வாசல்ல முன்னால நிக்க வச்சு ஊர்வலம் போக முடியுமா? வீட்டுப் பிள்ளைதான் போகணும்."

கேக்குன்னா தின்ற கேக் இல்ல பாப்பா. லாவோ பாஷைல இந்தியாக்காரன அப்படித்தான் சொல்வாங்க. அதே வார்த்தைக்கு விருந்தாளின்னும் அர்த்தம். அதாவது அவ திட்டவும் இல்ல, திட்டாமயும் இல்ல. யாராவது கேட்டா, மரியாதையா விருந்தாளின்னுதானே சொன்னேன்னு சொல்லலாம். அங்க இருந்த அத்தன பேரும் தரையப் பாத்தாங்க. நான் குளிர்ல போர்வை குடுத்தவங்க, பிரசவத்துக்குக் கூடவே ஆஸ்பத்திரி போயி நான் பிரெஞ்சு பேசிக் குடுத்தவங்க, எல்லாரும் தரையப் பாத்தாங்க. என் வீட்டுக்காரரும் தரையத்தான் பாத்தாரு. அவருக்குச் சண்டை வராது, பாவம்.

கிரீடம் அவ தங்கச்சி மக தலைக்குப் போச்சு. அதோட மாலிவன் ஆட்டத்த விட்டா. இப்போ போர்தோன்னு வேற ஊர்ல இருக்கா, கணக்குப் பிள்ளை உத்தியோகம், ரெண்டு பையனுங்க. பசங்களுக்கு லாவோவும் தெரியாது, தமிழும் தெரியாது. நான் இந்தக் கதையை எடுத்தாலே அவ சொல்லுவா, அம்மா எனக்கு அப்போ பரீட்சை, கிரீடம் வேணாம்னு நானே உன்கிட்ட சொன்னேன், நீதான் காதுல வாங்கலன்னு. என் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்றா. பெத்தவளுக்குத் தெரியாதா?

அன்னைக்கே முடிவு பண்ணேன், இவள சும்மா விடக் கூடாதுன்னு. உடனே ஒண்ணும் செய்யல. நான் அவசரக்காரி இல்ல. முதல் காரியமா என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், இனிமே சங்கத்துல உங்க குழல் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. வீட்டுலயும் வேணாம், கீழ் வீட்ல இருக்கறது அவளோட கூட்டாளி, அவ காதுல கூட விழக் கூடாதுன்னேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல அவரு. எனக்காக அப்படியே விட்டுட்டாரு. ஞாயித்துக் கிழமை ரொட்டி வாங்கப் போனா மட்டும் வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகும். அப்புறம் ஒரு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா, சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துற எடத்துல, கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, கார்க்குள்ள உக்காந்து ஊதுறாருன்னு. நான் ஒண்ணும் கேட்டுக்கல. கண்ணாடி மூடியிருக்கு இல்ல, அவளுக்குக் கேக்காது. இருந்துட்டுப் போகட்டும்.

அப்படியே வருஷங்க ஓடுச்சு. ஒரு சாவுக்குன்னு பிரான்சுக்குத் தெக்கால துலூசுன்னு ஒரு ஊருக்குப் போயிருந்தேன். அங்க ஒரு அம்மாவக் காமிச்சாங்க. தொங்சான்னு பேரு, எழுபது தாண்டியிருக்கும், கைத்தடி. நிஜமாவே ராஜா அரண்மனைல சின்ன வயசுலேருந்து ஆடினவங்க. காரியம் முடிஞ்சதும் அவங்க வீட்டுக்கே போயிட்டேன். சமையல்கட்டுல உக்கார வச்சு டீ குடுத்தாங்க. அது இதுன்னு பேசிட்டு, வியெங்கம்னு ஒருத்தி உங்ககூட ஆடினாளான்னு சாதாரணமா கேக்குற மாதிரி கேட்டேன். எங்க கூட்டத்துல அப்படி ஒருத்தி இல்லம்மான்னாங்க. எல்லாரும் ஒரே கூடத்துல படுத்து எழுந்த பிள்ளைங்க, ஒருத்தி பேர் கூட எனக்கு மறக்காதுன்னாங்க.

ரயில்ல திரும்பி வரும்போது நான் தூங்கவே இல்ல. கண்ணாடில என் மூஞ்சி தெரியுது, தானா சிரிக்குது.

அப்புறம் என்ன பண்ணேன்? அவகிட்ட சமாதானம் ஆனேன். ஆமா. நானே அவ வீட்டுக்குப் போனேன், பலகாரம் எடுத்துட்டு. பழசையெல்லாம் மறந்துடலாம்னேன். அவ என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. அழுகைன்னா நிஜமான அழுகை, எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரி ஆச்சு. ஆனா மனச இறுக்கிக்கிட்டேன். இந்தப் புது வருஷத்துக்கு ஒரு சிறப்பு விருந்தாளிய நான் கூட்டிட்டு வர்றேன், யாருன்னு கேக்காதீங்கன்னு தலைவர்கிட்ட சொன்னேன். அவருக்கு சந்தோஷம். துலூசு அம்மாகிட்டயும் வேற ஒண்ணும் சொல்லல, எங்க பிள்ளைங்க ஆடுறத நீங்க வந்து பாக்கணும்னு மட்டும் சொன்னேன். வர்றேன்னுட்டாங்க. அந்த ஒரு மாசம் நான் சமைச்சதெல்லாம் அவ்ளோ ருசியா இருந்துச்சுன்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு.

அந்த நாள் ஹால் நிறைய சனம். மேயர், போலீஸ் அதிகாரி, எல்லாரும். அந்த அம்மாவுக்கு ஒரு போர்வை போத்தி, தலையக் கொஞ்சம் மறைச்சு, ஓரத்துல உக்கார வச்சிருந்தேன். பொண்ணுங்க ஆடினாங்க, நடுவுல அவ. வயசானாலும் அந்த முதுகு வளையல. ஆட்டம் முடிஞ்சு கை தட்டல் ஓயுறதுக்குள்ள நான் போய் மைக்கப் புடிச்சேன். எங்க வியெங்கம் அரண்மனைல ஆடினவங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அவங்ககூட ஆடின இன்னொருத்தர இன்னைக்கு நான் கூட்டிட்டு வந்திருக்கேன், ரெண்டு பேரும் இத்தன வருஷம் கழிச்சு சந்திக்கப் போறாங்க, எல்லாரும் பாருங்கன்னேன்.

அவ மூஞ்சியப் பாத்தேன். அதுக்காகத்தானே மைக்கப் புடிச்சது! பவுடரையும் மீறி மூஞ்சி வெளுத்துப் போனது தெரிஞ்சுது பாப்பா. பக்கத்துல நின்ன பொண்ணோட தோளப் புடிச்சுக்கிட்டா.

அந்த அம்மா கைத்தடியோட மேடை ஏறினாங்க. மெதுவா. கிட்ட போய் நின்னு அவளையே பாத்தாங்க. இவ பொத்துனு மண்டி போட்டு, தலை தரையில படுற மாதிரி கும்பிட்டா. எந்திரிக்கவே இல்ல. அந்த அம்மா குனிஞ்சு அவ வலது கையத் தூக்கினாங்க, விரல்களப் புடிச்சு இன்னும் கொஞ்சம் பின்னால வளைச்சாங்க, பள்ளிக்கூடத்துல எழுத்து திருத்துற மாதிரி. அப்புறம் என் கைல இருந்த மைக்க வாங்கினாங்க.

"இவ என் இடது பக்கத்துல ஆடினவ" அப்படின்னாங்க.

அவ்ளோதான். ஹால் இடிஞ்சு விழுற மாதிரி கை தட்டினாங்க. கிழவிங்க எல்லாம் அழுதாங்க, மேயர் எந்திரிச்சு நின்னாரு. அவ அந்த அம்மா முழங்காலக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விம்மி விம்மி அழறா. நடுவுல நான் நிக்கிறேன், வெறுங்கையோட. எல்லாரும் என்னை வேற பாராட்டுறாங்க, விக்டோரினுக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு.

ஸ்டேஷனுக்குக் கார்ல கூட்டிட்டுப் போகும்போது கேட்டுட்டேன். ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்டேன். மரியாதையில்லாமதான் கேட்டேன். அந்த அம்மா ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாங்க: "என் இடது பக்கத்துல ஆடினவ ஆத்தக் கடக்கும்போது போயிட்டா. அன்னைலேருந்து அந்த இடம் காலியாத்தான் இருக்கு. இவ எங்க கத்துக்கிட்டாளோ, எந்தச் சுவத்துக்குப் பின்னால நின்னு பாத்தாளோ, எனக்குத் தெரியாது. கை சரியா இருந்துச்சு." கொஞ்ச தூரம் போனதும் இன்னொண்ணும் கேட்டாங்க. "நீ என்னை ஆட்டம் பாக்கக் கூப்பிட்டியா, சாட்சி சொல்லக் கூப்பிட்டியா?"

நான் ஸ்டேஷன் வாசல்ல வண்டிய நிறுத்தினேன். எனக்கும் என் பொண்ணுக்கும் நடந்தது அந்த அம்மாவுக்குத் தெரியுமா? அவங்கவங்க நியாயம் அவங்கவங்களுக்கு. அதுக்கப்புறம் அந்த அம்மா வருஷா வருஷம் வந்து அவ வீட்லதான் தங்கினாங்க. என் வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல.

இதோட விட்டிருப்பேன்னு நினைக்கிறியா? நான் தனியா சங்கம் வச்சேன். பக்கத்து ஊர்ல ஹால் எடுத்தேன். சாலவான் மட்டும்தான், தெக்கத்திப் பாட்டு மட்டும்தான். எந்த நாள் அவங்க ஆட்டம் வச்சாங்களோ அதே நாள், அதே நேரம் நானும் வச்சேன். பாதி அம்மாக்கள் என் பக்கம் வந்தாங்க. பிள்ளைங்கதான் கொஞ்சம் அழுதுச்சுங்க, கூட்டாளிங்க அந்தப் பக்கம் இருக்காங்கன்னு. அடுத்தடுத்த வருஷம் அவ ஹால்ல பாதி நாற்காலி காலின்னு கேள்விப்பட்டேன். எங்க ஹாலா? எங்க ஹால் சின்னது, அங்க காலியா இருக்கறது அவ்வளவா தெரியாது. பெரிய பொண்ணுங்க எல்லாம் நின்னுட்டாங்க. எந்தப் பக்கம் போனாலும் சண்டைன்னு தாய் தகப்பனுங்க வேற கிளாசுல சேத்துட்டாங்க, கராத்தே, நீச்சல்னு. அது அவ குத்தம். ஆரம்பிச்சது யாரு?

நடுவுல என் வீட்டுக்காரர் போயிட்டாரு. நெஞ்சு வலி. அந்தச் சாவுக்கு அவ வந்தா, வெள்ளைத் துணி கட்டிட்டு, பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டு, ஆடி வழியனுப்பணும்னு. வாசல்லயே நிக்க வச்சேன். தலைவர் மட்டும் உள்ள வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாரு. அந்தக் குழல சங்கத்துக்குக் குடுங்க, இங்க நம்மகிட்ட கேசட்டுதான் இருக்கு, ரெண்டு பேர் கத்துக்க ஆசைப்படுறாங்க, பூன்மி பேராலயே வச்சுக்குறோம்னு. குடுக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். மறுநாள் சவப்பெட்டி மூடும்போது அத அவர் பக்கத்துலயே வச்சு மூடிட்டேன். அவரோடயே எரிஞ்சு போச்சு. அவ கைல சேரலன்றதுல எனக்கு ஒரு நிம்மதி. அவரும் அதத்தான் விரும்பியிருப்பாரு.

மரக்காணம் தாண்டிட்டோமா? உப்பு வாசனை வருது. சீக்கிரம் முடிச்சுடுறேன்.

இந்தக் குளிர்காலத்துல அரண்மனைக்காரிக்கு வாதம் அடிச்சிடுச்சு. ஒரு பக்கம் கை கால் வரல. துலூசு அம்மா அதுக்கு முன்னாடியே காலமாயிட்டாங்க. தலைவர் என் கதவத் தட்டினாரு. பெரிய மனுஷன், எண்பது வயசு, தொப்பியக் கைல வச்சிட்டு நின்னாரு. ரெண்டு சங்கத்தையும் ஒண்ணாக்கிடலாம், நீங்களே முன்னால நில்லுங்க, சாலவானே ஆடட்டும், இந்த வருஷம் விட்டுப் போச்சுன்னா அப்புறம் பிள்ளைங்கள ஒண்ணு சேக்க முடியாதுன்னாரு. அவதான் அனுப்பினாளாம். நான் கேட்டுக்கிட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, என் சங்கத்தையும் கலைச்சுட்டேன், நான் ஊருக்குப் போறேன்னேன். அங்கேயே, அந்த நிமிஷமே கலைச்சேன். அதுவரைக்கும் கலைக்கல. அந்த ஆளு படி இறங்கிப் போறத ஜன்னல்ல நின்னு பாத்தேன். ஆக இந்த வருஷம் ரெண்டு ஹாலும் பூட்டு.

கிளம்புறதுக்கு முன்னாடி அவள ஒரு தரம் பாத்துட்டு வரணும்னு தோணுச்சு. இரக்கமெல்லாம் இல்ல. எப்படிக் கெடக்குறான்னு பாக்கணும், அவ்ளோதான். பூ வாங்கிட்டுப் போனேன், சும்மா கைய வீசிட்டுப் போகக் கூடாதுன்னு.

கட்டில்ல கெடந்தா. அந்த முதுக தலகாணி வச்சு நிமித்தியிருந்தாங்க. வாய் ஒரு பக்கம் கோணியிருந்துச்சு. என்னைப் பாத்ததும் பேசினா. பேசினதக் கேட்டு எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா அது தெக்கத்திப் பேச்சு. வடக்கத்தி அரண்மனைப் பேச்சு இல்ல, எங்க பாக்ஸேவுக்குக் கீழ, ஆத்தோரத்து ஊருங்கள்ல பேசுற பேச்சு, எங்கம்மா பேசின அதே இழுப்பு. வாதம் அடிச்சுப் பேச்சு போயித் திரும்பினப்போ இதுதான் வந்துச்சுன்னு தலைவர் என் மூஞ்சியப் பாக்காம சொன்னாரு. அப்போ அவ எங்க ஊர்க்காரி! என் பக்கத்து ஊர்க்காரி! இத்தன வருஷம் நான் தேடினது கைல வந்து விழுது, ஆனா பாரு, யார்கிட்டப் போய்ச் சொல்றது? ஹால் இல்ல, மைக் இல்ல, மேயர் இல்ல. மருந்து வாசனையும் நாங்க மூணு பேரும்தான்.

தலைவர் வெளில போனதும் அவ என்கிட்ட கேட்டா: "சாலவான் பாடு. எங்கம்மா நாத்து நடும்போது பாடுவா. ஒரே ஒரு தடவை."

நான் நாற்காலிய இழுத்துக் கிட்டப் போட்டுக்கிட்டேன். அவ முகத்துக்கு நேரா உக்காந்தேன். பாடப் போறேன்னு நினைச்சா போல. நல்லா இருந்த கைய எடுத்துப் போர்வை மேல தாளம் போட ஆரம்பிச்சா. சரியான தாளம், ஒரு அடி பிசகல. பாட்டு ஆரம்பிக்கிற எடம், அந்த எடுப்பு வந்ததும் நிறுத்தி என் மூஞ்சியப் பாத்துட்டிருப்பா. நான் வாயத் திறக்கல. திரும்ப மொதல்லேருந்து போடுவா. திரும்ப அந்த எடத்துல நிறுத்துவா. கண்ணு ரெண்டும் என் வாயையே பாத்துட்டிருந்துச்சு. நான் அசையாம உக்காந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா தாளம் சின்னதாச்சு, அப்புறம் ஒரு விரல் மட்டும், அப்புறம் அதுவும் நின்னுச்சு. அது நிக்கிற வரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன்.

மாடிப்படி பாதி இறங்கியிருப்பேன். என்னையறியாம என் தொண்டை அந்தப் பாட்ட எடுத்துச்சு பாப்பா. எடுப்ப சரியா எடுத்துச்சு. ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு அங்கயே படியில உக்காந்துட்டேன். மேல கதவு திறந்திருந்துச்சு. அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்கவே கூடாது.